பேப்பரில் வந்த கை

என் கை ஒரு தடவை பேப்பரில் வந்திருக்கிறது. முகம் வரவில்லை, கை மட்டும்தான். சிவப்பு வார் போட்ட கைக்கடிகாரமும் கோன் ஐசுமாக, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மாவட்டச் செய்திப் பக்கத்தில் தெளிவாக அச்சாகியிருந்தது. கீழே, 'கோடை விழாவில் மலர்க் கண்காட்சியைக் கண்டு களிக்கும் மாணவிகள்' என்று போட்டிருந்தார்கள். களித்தது என்னவோ உண்மை. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் பேப்பரில் வரவில்லை.

நாங்கள் மூன்று பேர். கள்ளக்குறிச்சியில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சை ஆறாம் வகுப்பிலிருந்து உட்கார்ந்து தேய்த்தவர்கள். ஒருத்தி இன்றைக்கு டீச்சர். அன்றைக்கும் டீச்சர்தான், சம்பளம் மட்டும் வரவில்லை. பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலையை யாரும் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டவள். இன்னொருத்தி இன்றைக்கு உளுந்தூர்பேட்டையில் ஓட்டல் நடத்துகிறாள். அன்றைக்கு எங்களில் அவள்தான் நன்றாகப் படிக்கிறவள். நர்சிங் சேரப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். சிரித்தால் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். மூன்றாவது நான். மதிப்பெண்ணும் சுமார், தைரியமும் சுமார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் மகள் என்கிற மிதப்பு மட்டும் ஜாஸ்தி.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, முடிவு வருவதற்கு முந்தைய அந்தக் கொஞ்ச நாளில்தான் எங்களுக்கு மலைக்குப் போகும் யோசனை வந்தது. கல்வராயன் மலையில் கோடை விழா என்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிப் போனார்கள். கீழே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. வீட்டில் கேட்டால் விடமாட்டார்கள் என்பது கேட்காமலே தெரியும். மூன்று பேரும் டைப்ரைட்டிங் கிளாஸ் போய்க்கொண்டிருந்தோம். பரீட்சை வருகிறது, இன்றைக்கு நாள் முழுக்கப் பயிற்சி என்று சொல்லிவிட்டு, டைப் அடிக்கிற தாளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டே வெள்ளிமலை பஸ் ஏறினோம். அந்தச் சுருளை இறங்கி வரும்வரை கீழே வைக்கவில்லை. யாராவது கேட்டால் காட்டலாம் என்று நினைத்திருப்போம் போலிருக்கிறது. மலைப் பாதையில் பதினேழாவது வளைவில் நிற்கிற மூன்று பெண்கள் டைப்ரைட்டிங் தாளைக் காட்டினால் யார்தான் நம்பமாட்டார்கள்?

மேலே பூவில் செய்த யானை ஒன்று நின்றது. அதன் முன்னால் நாங்கள் ஐஸ் தின்றுகொண்டிருந்தபோது, கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவர் வந்து 'கொஞ்சம் சிரிங்கம்மா' என்றார். நீங்கள் யார், எதற்குப் படம் என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கோழி திருடுகிறவன்கூட ஆள் பார்த்தால் ஒதுங்குவான். நாங்கள் வரிசையாக நின்று போஸ் கொடுத்தோம். நர்சிங் சேரப்போகிறவள் சிரித்தாள். டீச்சர் யானையின் காதில் இருப்பது என்ன பூ என்று பார்க்கத் திரும்பிக்கொண்டாள். என் ஐஸ் உருகி வழிந்தது. தாவணி கறையாகிவிடுமே என்று கையை மட்டும் முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அதனால் படத்தில் அவள் முழுசாக, பல் தெரிய வந்தாள். டீச்சரின் பின்னல் வந்தது. என் கை வந்தது.

மறுநாள் காலையில் அவளுடைய அப்பா சலூனில் முகச்சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். நாலு ஏக்கர் கரும்பு வைத்திருந்தவர், எழுத்துக்கூட்டிப் படிப்பார். பக்கத்தில் இருந்தவர் பேப்பரை மடித்துக் காட்டி, 'இது உங்க பொண்ணு மாதிரி இருக்குதே' என்றாராம். பாதி முகம் சோப்பு நுரையோடு அவர் எழுந்து வீட்டுக்குப் போனதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். யாரோடு போனாய் என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. ஒரு பெண் பேப்பரில் சிரித்துக்கொண்டு வந்தால் ஊர் கேட்கிற ஒரே கேள்வியும் அதுதான். அவள் எங்கள் இருவர் பெயரையும் சொல்லியிருக்கிறாள்.

மத்தியானம் டி.வி.எஸ். வண்டியில் அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அப்பா சாப்பிட வந்திருந்தார். அவளுடைய அப்பா செருப்பை வாசலிலேயே விட்டு, உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல், பேப்பரை என்னிடம் நீட்டினார்.

"இந்தக் கை யாருதும்மா? நீ கூடப் போனியா?"

அந்தப் படத்தை நான் காலையிலேயே பார்த்துவிட்டேன். கடிகாரத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தும்விட்டேன். அவ்வளவு புத்திசாலித்தனத்தை நான் பரீட்சையில் ஒருநாளும் காட்டியதில்லை.

"இல்லைங்க மாமா. நான் டைப் கிளாஸ்லதான் இருந்தேன்."

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். வருஷக்கணக்காகக் கடிகாரம் கட்டிய இடம் வெயில் படாமல் வெளுப்பாகத் தெரிந்தது. நான் கையைத் தாவணிக்குள் இழுத்துக்கொண்டேன். வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில். ஊரில் எத்தனையோ பெண்களுக்கு அந்த மாதிரிப் பின்னல் இருக்கிறது என்று அவள் காரணம்கூடச் சொன்னாளாம்.

பரீட்சை முடிவு வந்தபோது எங்களில் அவள்தான் முதல். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நான் காலேஜ் போனேன், பேங்க் பரீட்சை எழுதினேன், வடக்கே வேலைக்குப் போனேன். நாக்பூரில் குடும்பமும் ஆகி, அப்பா அம்மாவும் அண்ணனோடு ஓசூருக்குக் குடிபெயர்ந்த பிறகு கள்ளக்குறிச்சிக்கு வர எனக்குக் காரணமே இல்லாமல் போயிற்று. வராமல் இருக்கக் காரணம் இருந்தது. அதை லீவு கிடைக்கவில்லை என்ற பெயரில் இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் தாய்மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தே ஆகவேண்டியிருந்தது. எங்கள் மூவருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. டீச்சர் ஆரம்பித்தது. காலையில் பூப்படத்தோடு வணக்கம் போடுவது, பிறந்தநாளுக்கு கேக் படம் போடுவது, யாராவது இறந்தால் கை கூப்புகிற படம் போடுவது என்று எட்டு வருஷமாக மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் பேசிக்கொண்டிருந்தோம். நான் வருகிறேன் என்று போட்டதும் ஓட்டல்காரி எழுதினாள்: "மலையில கோடை விழா நடக்குது. போலாமா?" பின்னாலேயே சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்று. அந்த மூஞ்சியை நான் ரயிலில் வரும்வரை திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தேன். அது எந்த மாதிரிச் சிரிப்பு என்று புரியவில்லை.

மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். பேங்கில் எதற்கும் முன் தயாரிப்பு வேண்டும். ஒரு பட்டுப்புடவை வாங்கினேன். நாக்பூர் ஆரஞ்சு பர்பி இரண்டு பெட்டி வாங்கினேன். சொல்லவேண்டியதை போனில் எழுதிவைத்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், தவறாகப் பணம் பிடித்தம் செய்யப்பட்ட வாடிக்கையாளருக்கு நான் தினமும் அனுப்புகிற கடிதம் போலவே இருந்தது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன் என்றுகூட ஒரு வரி இருந்தது. மாற்றி எழுத வரவில்லை, அப்படியே வைத்துக்கொண்டேன்.

காலையில் அவள் ஜீப் ஓட்டிக்கொண்டு வந்து மாமா வீட்டு வாசலில் நிறுத்தினாள். அவளே ஓட்டுகிறாள். காதில் பெரிய கம்மல், புடவையை இழுத்துச் செருகியிருந்தாள், கையில் நெய் மணம். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடி இது, ஆளு இப்டி வெளுத்துப் பூட்ட? அந்த ஊருல வெயிலே கெடையாதா?"

நாக்பூரில் வெயில் கள்ளக்குறிச்சியை விட அதிகம் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் வண்டி கச்சிராயபாளையம் ரோட்டில் ஏறிவிட்டது. பின் சீட்டில் டீச்சர் எலுமிச்சம்பழம் ஒன்றை மூக்கில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் புளிச்சோறு, தண்ணீர் பாட்டில், கை துடைக்கிற காகிதம், தலைவலித் தைலம், வாந்தி வந்தால் பிடிக்க நாலு பாலிதீன் பை. தேர்தல் வேலைக்குப் போகிறவள் மாதிரி தயாராக வந்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் 'ஹாரன் அடி, ஹாரன் அடி' என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஓட்டல்காரி ஹாரன் அடித்தாள். எதிரில் எதுவுமே வராத இடத்தில் நிறைய அடித்தாள்.

கோடை விழா வளர்ந்திருந்தது. முன்பு ஒரு யானைதான். இப்போது பூவில் மயில், பூவில் ஜல்லிக்கட்டுக் காளை, பூவில் மேசை, நாற்காலி, பூவில் ஒரு விமானம். மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சும்மா பூத்துக் கிடக்கிறது. அதை யாரும் சீண்டவில்லை. எங்கிருந்தோ லாரியில் வந்த பூவைக் கம்பியில் குத்தி விமானம் செய்து, அதைச் சுற்றிக் கயிறு கட்டி, தொடாதே என்று எழுதிவைத்திருந்தார்கள். வாசலிலேயே ஒரு பெரிய இருதயம், அதற்குள் தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொள்ள ஓட்டை. கீழேயிருந்து வந்த சனம் முழுக்க அந்த ஓட்டைக்காக வரிசையில் நின்றது. மலையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார்கள்.

சிறுதானிய அரங்கு தனி வேடிக்கை. சாமையில் கேக், தினையில் பிஸ்கட், வரகில் நூடுல்ஸ். மேலே சாமைச் சோற்றின் பயன்கள் என்று நம்பர் போட்டு ஒரு பலகை. அதைக் கீழேயிருந்து வந்த ஒரு பெண், மைக் பிடித்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மலை ஊர்ப் பெண்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து சாமை விதைத்து, அறுத்து, குத்தி, பொங்கித் தின்கிறவர்கள். அவர்களும் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார்கள். விளக்கம் முடிந்ததும் அவர்களில் ஒருவர் என் பக்கம் திரும்பி, "இந்தம்மா எப்ப சோறு போடுவாங்க?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

டீச்சர் எல்லாப் பலகையையும் சத்தமாகப் படித்தாள். நான் வாயைத் திறக்க நேரம் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். நாய்க் கண்காட்சியில் சொல்லலாம் என்று நினைத்தேன், நாய்கள் குரைத்தன. அரசுத் திட்டங்களை விளக்கும் பந்தலில் சொல்லலாம் என்று நினைத்தேன், ஆள் இல்லாமல் இருந்தது அது ஒன்றுதான், ஆனால் அங்கே நின்றால் ஒருவர் பாய்ந்து வந்து கையில் துண்டுக் காகிதம் திணித்தார். கடைசியில் கோன் ஐஸ் வண்டி ஒன்றின் எதிரே அவளே நின்றாள். மூன்று வாங்கினாள். என் கையில் ஒன்றைக் கொடுத்து, என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"வாச்சி எங்கடி?"

அவ்வளவுதான். போனில் எழுதிவைத்திருந்தது எல்லாம் போயிற்று. நடுச் சந்தையில், ஐஸ் வழிய வழிய, நான் அழ ஆரம்பித்தேன். அரிசிப் பானையைச் சொன்னேன், தாவணிக்குள் கையை மறைத்ததைச் சொன்னேன், லீவு கிடைக்காத கதையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே பையிலிருந்து புடவையை எடுத்து நீட்டினேன். அதை அந்த நேரத்தில் ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

அவள் புடவையைப் பிரித்துப் பார்த்தாள். முந்தானையைத் தடவினாள்.

"நல்லாக்கீது. இது இன்னா, அபராதமா?"

"மன்னிச்சிடுடி" என்றேன்.

"இவ" என்று டீச்சரைக் காட்டினாள், "பத்து வருசத்துக்கு முன்னாடியே ஓட்டலுக்கு வந்துட்டா. அழுதுக்கினு நின்னா. அன்னிக்கு வெங்காயம் அரியற பொம்பள வரல. உக்காந்து அரிடின்னேன். சாயந்தரம் வரைக்கும் அரிஞ்சா. அழுதது எதுக்குன்னு அப்புறம் எனுக்கும் தெரில, அவளுக்கும் தெரில. சரின்னு வுட்டுட்டேன்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு ஐஸை நக்கினாள். எட்டு வருஷம் பூப்படம் அனுப்பினவள் இதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

"உனுக்கும் மன்னிச்சிட்டன்னு சொல்லணுமா? சொல்லிட்டா நீ அத வாங்கிக்கினு ரயில் ஏறி நிம்மதியா தூங்குவ. எனுக்கு இன்னா வரும்? ஒரு பொடவ." சிரித்தாள். அதே சிரிப்பு, பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "நர்சு ஆவாததுக்கு நான் அழுவுல. எத்தினி லாரிக்காரன் என் கையால சாப்ட்டு உசுரோட போறான் தெரியுமா? கல்யாணத்துக்கும் அழுவுல. மனுசன் நல்ல மனுசன்தான். வேற ஒண்ணு கீது. அது உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது."

ஐஸைத் தின்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். அன்றைக்கு வண்டியில் வரும்போது அவளுடைய அப்பா சொல்லியிருக்கிறார்: அந்தப் பொண்ணு ஆமான்னு சொல்லிட்டா வுட்டுடறேன், பொண்ணுங்களா சேந்து போனதுக்கு இன்னா செய்யறது, வயசு அப்டி. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்திருக்கிறார். நான் இல்லை என்றேன். வெளியே போய் வண்டியை எடுக்கும்போது அவள் அப்பாவிடம், அவ கையப் பாத்தியாப்பா, வாச்சி கட்டின தடம் கீது என்று சொல்லியிருக்கிறாள். பார்த்தேன் என்றிருக்கிறார். பிறகு, ஆபீஸ்காரர் வூட்டுப் பொண்ணு, அது இன்னாத்துக்குப் பொய் சொல்லப்போவுது, நீதான் எவங்கூடவோ போயிட்டு அதுங்க பேர இழுக்கற என்றிருக்கிறார். அன்றைக்கே அந்தப் பேச்சைப் பூட்டிவிட்டார்கள். அவளை அவர் அடிக்கவில்லை. மாப்பிள்ளை பார்த்தார்.

"இன்னிக்கும் எங்கப்பா எங்கூடத்தான் இருக்காரு. ஓட்டல்லதான் உக்காந்திருப்பாரு. நான் போட்ட சோறுதான் தின்றாரு. ஆனா நான் பொய் சொன்னேன்னுதான் அவரு மனசுல கீது. நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். அன்னிக்கு அவரு கேட்டாரே, அதுக்குப் பதிலச் சொல்லு. சொல்றியா?"

"சொல்றேன்."

"இப்பவே?"

"இப்பவே" என்றேன். அரை மணி நேரம் முன்னால் வரை நான் போட்டுவைத்திருந்த திட்டத்தில் இது இல்லை. என் திட்டத்தில் நான் அழுவேன், அவள் கட்டிக்கொள்வாள், டீச்சர் கண்ணைத் துடைப்பாள், மூவரும் புளிச்சோறு சாப்பிடுவோம். நாற்பத்தைந்து வயதில் ஒரு பெரியவரிடம் போய், ஆமாம் மாமா நானும்தான் போனேன் என்று சொல்லவேண்டும் என்று நினைத்ததும் கை தாவணியைத் தேடியது. பதினேழு வயதுப் பயம், ஒன்றும் கம்மியாகவில்லை.

கிளம்பும்போது பூ மயிலுக்குப் பக்கத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஓர் இளைஞர், போனை நீட்டி, பேப்பருக்கு ஒரு படம் எடுத்துக்கட்டுமா மேடம் என்றார். டீச்சர் எங்களுக்குப் பின்னால் போனாள். பழக்கம். ஓட்டல்காரி என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"தம்பி, இவ மூஞ்சி நல்லா வரட்டும். கை வரலன்னாலும் பரவால்ல."

இறங்கி, ஊரைத் தாண்டி, உளுந்தூர்பேட்டை போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஜங்ஷனில் லாரிகள் நின்றன. திருச்சி பஸ்ஸும் சென்னை பஸ்ஸும் ஒன்றையொன்று ஹாரனால் திட்டிக்கொண்டிருந்தன. அவள் ஓட்டல் வாசலில், பரோட்டாக் கல்லுக்கு எதிரே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்து சின்னதாகியிருந்தார். மடியில் பழைய பேப்பர் கட்டு. பார்சல் கட்டுவதற்காகத் தாள் தாளாக எடுத்து, மடித்து, நகத்தால் கீறி, நேராகக் கிழித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க அதுதான் அவர் வேலையாம். யாரும் சொல்லவில்லை, அவரே எடுத்துக்கொண்டது.

"அப்பா, யாரு வந்துருக்கா பாரு. தாலுகா ஆபீஸ்காரர் பொண்ணு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வாம்மா, வா. அப்பா நல்லா இருக்காரா?"

அப்பா போய் ஆறு வருஷமாகிறது. நான் அவர் முன்னால் போய் நின்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. டீச்சர் பின்னாலிருந்து தட்டி எடுத்துவிட்டாள்.

"மாமா, நானும்தான் போனேன்."

"எங்கம்மா போன?"

"கோடை விழாவுக்கு. மலைக்கு. நாங்க மூணு பேரும் சேந்துதான் போனோம். உங்க பொண்ணு சொன்னது நிஜம். நான்தான் பொய் சொன்னேன்."

இருபத்தெட்டு வருஷம் தொண்டையில் கிடந்தது. அவர் கிழித்துக்கொண்டிருந்த தாளை முடித்து, அடுக்கின் மேல் வைத்துத் தட்டி நேராக்கினார்.

"தெரியுமே. இன்னிக்குக் காலையிலதானே போனீங்க? எம் பொண்ணு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு. அது எங்க போனாலும் எங்கிட்ட சொல்லாம போவாது. பொய்யே பேசாது."

ஓட்டல்காரி கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பரோட்டா மாஸ்டர் ஏதோ கேட்டார், அவள் காதில் விழவில்லை. அவர் நினைவில் அந்தப் படம் இல்லை, சலூன் இல்லை, எங்கள் வீட்டு வாசல் இல்லை. அவள் சுமந்துகொண்டிருந்த ஒன்றை அவர் எப்போதோ, எங்கேயோ இறக்கிவைத்துவிட்டு அதை அவளிடம் சொல்லாமலே இருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. என்மேல் வந்தது அதைவிட அதிகம். நான் கொண்டுவந்த பதிலுக்குக் கேள்வியே இல்லாமல் போய்விட்டது. சில வருஷம் முன்னால் வந்திருந்தால் இருந்திருக்கும்.

நான் திரும்பி நடக்கப் போனேன். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ உங்க வூட்ல சொல்லிட்டுப் போனியா?"

டைப் கிளாஸ் என்று நாக்கு வரை வந்தது. பழக்கம் எங்கே போகும்?

"இல்லைங்க மாமா. சொல்லாமத்தான் போனேன்."

அவர் மடியிலிருந்த பேப்பர் கட்டை எடுத்துக் கீழே வைத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னாம்மா இது? படிக்கிற பொண்ணு செய்யற காரியமா? உங்கப்பா ஆபீசுல மானமா இருக்கறவரு. பேப்பர்ல கீப்பர்ல மூஞ்சி வந்துச்சுன்னா நாலு பேரு அவர இன்னா கேப்பான்? சொல்லு. பஸ்சு கிஸ்சு வராம மலைமேல நின்னுட்டா யார்கிட்ட போய்க் கேப்பீங்க? கேட்டா வாணாம்னா சொல்லப் போறோம்? நாங்களே இட்டுக்கினு போவமாட்டமா?"

பரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தம் நின்றது. இரண்டு டிரைவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, தலையில் நரை விழுந்த ஒரு பேங்க் அதிகாரி கை கட்டித் திட்டு வாங்குவதை வேடிக்கை பார்த்தார்கள். அவர் மேலே மேலே போய்க்கொண்டிருந்தார். குரல் ஏறியது. எனக்கு மூக்கில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. டீச்சருக்குப் பொறுக்கவில்லை. என் புடவையைப் பிடித்து இழுத்து, கள்ளக்குறிச்சி பஸ் வந்துவிட்டது, போகலாம் வா என்றாள்.

ஓட்டல்காரி முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்தாள்.

"இருடி. அவரு இன்னும் முடிக்கல."